லிங்கனம்மா சொல்லாத பெயர்

லிங்கனம்மாவைப் புதைத்து மூன்று வாரம் ஆகிறது. அவளைப் பற்றி நான்தான் எழுத வேண்டும். பாவம் செய்தவனும் நான்தான்.

எங்கள் விக்ஸ்பர்க் படகுத்துறையில் லிங்கன் என்று கூப்பிட்டால் பத்துப் பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். அடிமைகளாக இருந்த எங்களுக்கு விடுதலை வந்ததும் பதிவு மேஜை முன்னால் வரிசையில் நின்று, முதலாளி வைத்த பெயரை உதறிவிட்டு ஆளுக்கொரு குடும்பப் பெயர் வைத்துக்கொண்டோம். துணி வெளுக்கும் கெசியாவின் முறை வந்த அன்றுதான் எங்களை விடுவித்த ஜனாதிபதி லிங்கனைச் சுட்டுவிட்டார்கள் என்ற செய்தி ஊருக்கு வந்தது.

"அவரு பேரையே எழுதுங்கய்யா. அவரு புள்ளைங்கள்ல ஒருத்தியா இருந்துட்டுப் போறேன்" என்று அழுதாளாம்.

அன்றிலிருந்து அவள் லிங்கனம்மா. இஸ்திரி மேஜைக்கு மேலே அவர் படம். பிற்பாடு வெள்ளைக்காரர்கள் துப்பாக்கியைக் காட்டி எங்கள் ஓட்டைப் பிடுங்கியபோதும் அதை அவள் கழற்றவில்லை.

விடுதலைக்கு முன்னாலேயே அவள் மகன் சைரஸை ஐந்து வயதில் விற்றுவிட்டார்கள். பிரிந்த உறவைத் தேடுகிறவர்கள் பத்திரிகையில் போடும் விளம்பரங்களை ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்துக்கு முன்னால் போதகர் உரக்க வாசிப்பார். வருஷா வருஷம் அவளுடையதும் வரும்.

"முதலாளி பேரப் போடாம எப்படிம்மா அடையாளம் தெரியும்?" என்பார் போதகர்.

"அந்தப் பேரு என் வாயில வராது. லிங்கன்னு போடுங்க, போதும்."

பிடிவாதத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

போன மாதம் இருமலில் படுத்தவள் எனக்கு ஆள் அனுப்பினாள். நான் முடி திருத்துகிறவன். கொஞ்சம் எழுதவும் தெரியும்.

"ஏமஸ், விளம்பரத்துல முதலாளி பேரையும் போட்டுடு, பெட்வே தோட்டம்னு எழுதுப்பா. சாவறதுக்குள்ள சொல்லிடறேன். இடது காதுக்குப் பின்னால சுட்ட தழும்பு இருக்கும். என் இஸ்திரிப் பெட்டிதான் பட்டுச்சு. வெக்கத்துல இத்தன நாளா யாருகிட்டயும் சொல்லல."

என் பேனா நின்றுவிட்டது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் படகிலிருந்து இறங்கிய ஒருவன் என் நாற்காலியில் உட்கார்ந்தான். இடது காதுக்குப் பின்னால் வழவழவென்று ஒரு தழும்பு. கத்தி வழுக்காமல் இருக்க விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வழித்தேன்.

"பெட்வே தோட்டத்து ஆளுங்க யாராச்சும் இங்க இருக்காங்களாண்ணே? எங்கம்மாவத் தேடறேன். அம்மான்னுதான் கூப்பிட்டிருக்கேன், பேரு தெரியாது."

"அப்படி யாரும் இல்லியே. உன் பேரென்ன?"

"வாங்கினவன் வில்லியம்னு வச்சான். அதுக்கு முந்தின பேரு ஞாபகமில்ல. லிங்கன் நானா வச்சுக்கிட்டது."

"இந்த ஊர்ல லிங்கனுக்கா பஞ்சம்!" என்று சிரித்தேன். அவனும் சிரித்துவிட்டு மதியப் படகில் ஏறிப் போனான். எந்த ஊர் என்றுகூட நான் கேட்கவில்லை.

இதை லிங்கனம்மாவிடம் மறைத்துவிடலாமா என்று தோன்றியது. மனசு கேட்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டிருந்தேன்.

"என்ன பேரு வச்சிருந்தான்னு சொன்ன?"

"லிங்கன்."

படத்தையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "அந்தத் தழும்ப எந்தக் கையால தொட்ட?" என்று கேட்டாள்.

இடது கையை நீட்டினேன். அதை இழுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். நான் வீட்டுக்குக் கிளம்பும் வரை விடவே இல்லை.