கொக்கும் முட்டையும்

அக்காவை நினைத்தால் முதலில் கண்ணுக்குள் வருவது ஒரு திங்கட்கிழமைக் காலை. நோயாளிகள் வரிசை வாசலைத் தாண்டி வெயிலில் நின்றுகொண்டிருந்தது. என் எதிரே உட்கார்ந்திருந்த அக்கா, நான் கையில் கொடுத்த இன்சுலின் ஊசியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அதை மேஜைமேல் வைத்து, ஒற்றை விரலால் என் பக்கம் தள்ளிவிட்டார். "நீங்களே போட்டு விட்ருங்க சிஸ்டர். நான் தெனம் வந்துர்றேன்." அது நான்காவது நாள். நான்கு நாளும் இதே பேச்சுதான்.

திருவாரூர் பக்கம் ஒரு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்போது நான் செவிலியர். ஊரே அக்கா என்று கூப்பிடும் அவருக்கு ஐம்பது வயதிருக்கும். நடவுக்கும் களையெடுப்புக்கும் பதினைந்து பெண்களைச் சேர்த்து அழைத்துப் போகிறவர். அவர் குரல் கொடுத்தால் வரப்பில் எல்லோரும் வந்து நிற்பார்கள். சம்பா நடவின்போது சேற்றில் கிடந்த நத்தை ஓடு வலது கால் பெருவிரலைக் கிழித்திருந்தது. வாரக்கணக்கில் புண் ஆறவில்லை. சோதித்தால் சர்க்கரை எங்கேயோ இருந்தது. மாத்திரை போதாது, தினமும் காலையில் இருபது யூனிட் இன்சுலின் என்று டாக்டர் எழுதிவிட்டார். அதைத் தானே போட்டுக்கொள்ளக் கற்றுக்கொடுப்பது என் வேலை.

எனக்குப் பொறுமை குறைவு. அதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். சேற்றில் பாம்பைக் கண்டாலும் ஒதுக்கிவிட்டு நடவைத் தொடர்கிற பெண்மணி, மயிரிழை போன்ற ஊசிக்குப் பயப்படுகிறாரே என்று எரிச்சலாக வந்தது. "வயலுக்குப் போற நாள்ல காலையில இங்க வந்து வரிசையில நிக்க முடியுமா உங்களால?" என்று சத்தம் போட்டேன். அக்கா ஊசியைத் திரும்ப எடுத்தார். புடவையை இடுப்பில் தளர்த்தி, வயிற்றுச் சதையை இரண்டு விரலால் பிடித்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு குத்திக்கொண்டார். கண்ணைத் திறந்ததும், "இவ்ளோதானா?" என்றார்.

அடுத்த சிக்கல் எண். அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இருபது என்பதன் வடிவத்தைக் காகிதத்தில் பெரிதாக எழுதிக் காட்டினேன். "இது கொக்கு, இது முட்டை" என்று அவரே பெயர் வைத்துக்கொண்டார். ஊசிக் குழலில் கொக்கும் முட்டையும் இருக்கும் கோடு வரை மருந்தை இழுக்க வேண்டும், அவ்வளவுதான். பத்து முறை இழுத்துக் காட்டச் சொன்னேன். பத்தும் சரி. எனக்குப் பெருமை தாங்கவில்லை. டாக்டரிடம் போய் அதை ஒரு சாதனை போலச் சொன்னேன்.

முதல் மாதம் சர்க்கரை நன்றாக இறங்கியது. பிறகு ஏறத் தொடங்கியது. நான் கேட்டேன், போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் என்றார். பதினைந்து நாள் கழித்து இன்னும் ஏறியிருந்தது. மறுபடி கேட்டேன், மறுபடி அதே பதில். வயலில் டீ குடிக்கிறீர்களா, எத்தனை தட்டு சோறு, ஊசி வலிக்கிறதென்று விட்டுவிடுகிறீர்களா என்று போலீஸ்காரர் மாதிரி விசாரித்தேன். ஒருநாள் அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னார்: "முன்னெல்லாம் பாதிக் குழாய்க்கு மருந்து ஏறும் சிஸ்டர். இப்ப அடியில கொஞ்சூண்டுதான் ஏறுது."

"கொக்கும் முட்டையும் வரைக்கும் இழுக்கறீங்கள்ல?"

"ஆமா."

"அப்ப அளவு சரிதான். அதெல்லாம் நீங்க பாக்காதீங்க, நான் பாத்துக்கறேன்."

அவர் போன பிறகு, அவருடைய அட்டையில் 'மருந்தை ஒழுங்காகப் போட்டுக்கொள்வதில்லை' என்று எழுதினேன். வெளியூரிலிருந்து போனில் விசாரித்த அவருடைய மகனிடமும் அதையே சொன்னேன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பவர். "நான் நல்லா திட்டறேன் சிஸ்டர்" என்றார். திட்டவும் செய்தார்.

விரல் கறுத்துவிட்டது. தஞ்சாவூர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். அங்கே படுத்திருந்த நாட்களில் சர்க்கரை கட்டுக்குள் வந்தது. அதைக் கேட்டதும் என் சந்தேகம் உறுதியானது: நர்ஸ் போட்டால் இறங்குகிறது, வீட்டில் இவர் போடுவதில்லை. வீட்டுக்கு வந்த இரண்டே வாரத்தில் மறுபடி ஏறியபோது, கையும் களவுமாகப் பிடிப்பது என்று ஒரு காலையில் சொல்லாமல் கிளம்பிப் போனேன்.

அக்கா கட்டுப் போட்ட காலை நீட்டி வாசலில் உட்கார்ந்திருந்தார். "என் எதிர்ல போடுங்க" என்றேன். குளிர்ச்சிக்காக ஈர மணல் நிரப்பிய பானையிலிருந்து மருந்துப் புட்டியை எடுத்தார். நான் சொல்லிக்கொடுத்தபடி உள்ளங்கைகளுக்கு இடையே வைத்து மெல்ல உருட்டினார். புட்டியின் மூடியைத் துடைத்தார். ஒரு படியும் தவறவில்லை. பிறகு ஒரு புது ஊசியைப் பிரித்தார். அதன் மூடி ஆரஞ்சு நிறம்.

எங்களுக்கு வரும் மருந்துக்கு உரியது சிவப்பு மூடி ஊசி. ஆரஞ்சு மூடி, அதைவிட வீரியமான வேறு மருந்துக்கு. இரண்டிலும் இருபது என்று எழுதியிருக்கும். சிவப்பில் இருபது என்றால் பாதிக் குழல். ஆரஞ்சில் ஐந்தில் ஒரு பங்கு. இத்தனை மாதமும் அக்காவின் உடம்புக்குள் தினமும் போனது இருபதுக்குப் பதில் எட்டு யூனிட். சிவப்பு மூடி தீர்ந்துபோன ஒரு நாள், அலமாரியில் கிடந்த இன்னொரு பெட்டியிலிருந்து அந்த ஊசிகளை எடுத்துக் கொடுத்தது வேறு யாருமில்லை, நான்தான். அன்றைக்கும் வாசலில் கூட்டம். மூடியைப் பார்க்கவில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும் அதே பெட்டியிலிருந்துதான் கொடுத்தேன்.

அன்று மாலைக்குள் அந்தப் பெட்டி ஊசி போன இன்னும் இரண்டு வீடுகளைத் தேடிப் போய் மாற்றிக் கொடுத்தேன். டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். புண் வந்த நிலைக்கு அந்த விரல் எப்படியும் போயிருக்கலாம் என்றார். இருக்கலாம். அந்த 'லாம்' எனக்கு இன்றுவரை ஆறுதலாக இல்லை. இப்போது வேறு ஊரில் வேலை செய்கிறேன். வருகிற ஒவ்வொருவரையும் வீட்டில் போடும் ஊசியைக் கொண்டுவரச் சொல்லிப் பார்க்கிறேன். ஆனாலும் கூட்டம் நெருக்கும்போது, யாராவது எதையோ சொல்லத் தொடங்கினால், "சரி சரி, அடுத்த ஆள்" என்று என் வாய் தானாகச் சொல்கிறது. அப்போது என்மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

அந்த ஆரஞ்சு மூடியைக் கண்ட காலையில் அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். கத்துவார், கையில் இருப்பதை வீசுவார் என்று எதிர்பார்த்தேன். பிரித்த ஊசியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப நான் போட்டேங்கறது நெசந்தானே?"

"நிஜம்க்கா. தினமும் போட்டிருக்கீங்க."

"எம் மவன்ட்ட சொல்லுங்க. அவன் நாலு மாசமா எங்கிட்ட மொகங்குடுத்துப் பேசல."

என் போனிலிருந்தே கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டேன். மெஷின் சத்தத்துக்கு நடுவே மகன் பேசினார். தப்பு என்னுடையது, உங்கள் அம்மா ஒருநாள்கூட விடவில்லை, அளவு குறைகிறதென்று என்னிடமே சொன்னார், நான்தான் கேட்கவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். பிறகு, "அப்ப அம்மாவோட வெரலு?" என்றார்.

அக்கா என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார்.

"கேட்டியாடா?" என்றார். "போட்டேன்னு சொன்னேன்ல?"