அத்தர் பூசிய சீட்

வீட்டிலிருந்தே கார் ரேஸ் ஓட்டும் சிமியுலேட்டர் ஒன்றைப் பூட்டுவது என் நீண்டநாள் ஆசை. ஸ்டீயரிங்கும் பெடலும் வாங்கி, இரும்புச் சட்டத்தைக் கட்டுகஸ்தோட்டைப் பட்டறையொன்றில் வெல்டிங் செய்வித்தேன். சீட்டுக்காகப் பழைய வாகனச் சாமான் கடையொன்றுக்குப் போனேன்.

"ஜப்பான்ல இருந்து வந்த ரீகண்டிஷன் சீட். மோந்து பாருங்க நானா," என்றார் கடைக்காரர். அத்தர் வாசம் வந்தது. மார்க்கப் பேணுதலான மனுஷர் என்று நம்பி, உறையைக் கழற்றிப் பார்க்காமலே வாங்கி வந்து பூட்டினேன்.

மூன்றாம் நாள் ரேஸ் நடுவே, என் உடம்புச் சூட்டில் சீட் சூடேறியதும் அத்தரை மீறி ஒரு நாற்றம். மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதுக்குள்ள என்னமோ செத்துக் கிடக்கு," என்றாள். உறையைக் கிழித்தேன். பஞ்சுக்குள் எலிக்கூடு. செத்துப் புழுத்த குஞ்சுகள். சீ! மூன்று நாளாக அதில்தான் சாய்ந்திருந்திருக்கிறேன். எத்தனை தரம் குளித்தும் முதுகு கூசியது.

கடைக்குப் போய்க் கேட்டேன். கடைக்காரரின் பதில் அதைவிட அருவருப்பு: "லேசா நாத்தம் இருந்திச்சு. அதுக்குத்தானே நானா அத்தர் பூசித் தந்த!"

இப்போது பழைய சாமான் எதையும் கடையிலேயே பிரித்துப் பார்க்கிறேன். வாசமாக இருந்தால் இரண்டு தரம் பார்க்கிறேன். ஜும்ஆ தொழுகைக்கு நான் பூசும் அத்தர்க் குப்பியைத்தான் இன்னும் திறக்க முடியவில்லை.