மலைப் பஸ்ஸும் என் நீளக் குடலும்

காலை ஆறரைக்குக் கச்சிராயபாளையத்தில் பஸ் ஏறினால்தான் கல்வராயன் மலையில் இருக்கும் என் பள்ளிக்கூடத்துக்கு மணியடிக்கும் முன் போய்ச் சேர முடியும். அந்தப் பஸ்ஸில் வரும் டீச்சர்கள் ஆறு பேருக்கும் ஒரே சட்டம்: சாயங்காலம் வீடு திரும்பும்வரை தண்ணீர் தொடக்கூடாது. வழியில் ஒதுங்க இடமில்லை, பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் வராது. "இன்னா டீச்சர், பாட்டில்லாம் தூக்கிக்கினு வர்றீங்க? மலையில எங்க போவீங்க?" என்று முதல் நாளே ஒரு சீனியர் டீச்சர் கிண்டலடித்தார். பதினோரு வருஷமாக நான் பாட்டிலே தூக்கவில்லை. அதில் பெருமை வேறு எனக்கு, முட்டாள்!

நாலைந்து நாள் வெளிக்குப் போகாமல் இருப்பது பழகிப்போனது. போன மாதம் வயிறு கல்லாக உப்பியபோதுதான் பயம் பிடித்தது. என் அம்மா குடல் புற்றுநோயில் செத்தவள். அவளுக்கும் முதலில் இப்படித்தான் உப்பியது.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் டியூப் விட்டுப் பார்த்தார்கள். ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்த நேரத்தில், என் காரியத்துக்கு யார் யார் வருவார்கள் என்பதுவரை யோசித்து முடித்துவிட்டேன். "ஒண்ணும் இருக்காது, ஒண்ணும் இருக்காது" என்று தொணதொணத்த கணவர்மேல் எரிந்து விழுந்தேன்.

"கட்டி ஒண்ணும் இல்லம்மா" என்றார் டாக்டரம்மா. "பெருங்குடல்தான் ஜாஸ்தி நீளம். பொறக்கும்போதே அப்படி. நெறைய பேரு அது தெரியாமலே நல்லா இருப்பாங்க. ஆனா நீளக் குடல்ல கழிவு மெதுவா நகரலாம். தண்ணிய குடல் இழுத்துக்கும், கெட்டியாயிடும். நீங்க தண்ணி எவ்ளோ குடிக்கிறீங்க?"

சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"நல்லா இருக்குதுங்க உங்க சட்டம்! இனிமே குடிங்க. திடீர்னு தாங்க முடியாத வலி, வாந்தின்னா குடல் முறுக்கிக்கினு இருக்கலாம். உடனே ஓடி வந்துடணும்."

போன உயிர் திரும்பி வந்தது. பஸ்ஸில் வரும்போது வேறொரு பயம் தொற்றிக்கொண்டது. பிறவியிலேயே வருவதென்றால், என் பிள்ளைக்கும் இருக்குமோ?

ஆறாவது படிக்கும் மகள் வாசலுக்கே ஓடிவந்து பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள். மூடிவரை தண்ணீர் இருந்தது.

"பாரும்மா, இன்னிக்கும் தொடவே இல்ல. ஸ்கூல் பாத்ரூம் பக்கமே போவல!"

தினமும் அதைப் பார்த்து "என் சமத்து" என்று கொஞ்சியவள் நான்தான்.

"கடைசியா எப்பம்மா வெளிக்குப் போன?"

அவள் விரலை மடக்கி எண்ணத் தொடங்கினாள். ஒரு கை முடிந்ததும், மறு கையைத் தூக்கினாள்.