உத்திராபதி வரிசை வைத்த போர்டு

உத்திராபதிக்கு ஓரிடத்தில் உட்கார வராது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் அவருக்கென்று நாற்காலி இருக்கிறது. பெரும்பாலும் அதில் அவருடைய குடைதான் உட்கார்ந்திருக்கும். காரணம் மூலம் அல்ல, ஆங்கிலம்.

அஞ்சல் வழியில் எம்.ஏ. ஆங்கிலம் முடித்தவர். படித்ததில் முக்கால்வாசி மறந்துவிட்டது. முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒன்றாகவே வருகிற வாக்கியங்கள் மட்டும் சொறி மாதிரி ஒட்டிக்கொண்டன. நாமெல்லாம் 'தேரு வருதே' என்று ஒன்றைத் திருப்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு வேலைக்குப் போய்விடுகிறோம். உத்திராபதிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பஸ்ஸில் ஏறினால் வழியிலுள்ள ஆங்கிலக் கடைப் பலகைகளையெல்லாம் வாலிலிருந்து தலைக்குப் படித்துக்கொண்டே போவார். ஒன்றுகூடச் சரியாகத் திரும்பி வராது. அந்த எரிச்சலில் இறங்கவேண்டிய இடத்தை விட்டுவிட்டு ஆலப்பாக்கம்வரை போய்த் திரும்பியதும் உண்டு.

அலுவலகத்துக்குப் புதிய கண்காணிப்பாளராகப் பிரிசில்லா வந்த அன்று, எல்லோரும் வணக்கம் சொல்ல, இவர் எழுந்து "மேடம், ஐ'ம் ஆடம்" என்றார். ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தால் இரு பக்கமும் ஒன்றாக வரும் அரிய வாக்கியம் அது. அந்த அம்மாள் இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஆப்பிள் எங்க சார்?" என்று மட்டும் கேட்டார். இவர் பேப்பர் எடுத்து விளக்குவதற்குள் மீட்டிங்குக்குப் போய்விட்டார். நாட்டில் அறிவுக்கு இவ்வளவுதான் நேரம் ஒதுக்கப்படுகிறது.

இந்த நிலையில்தான் மனைவி இளவரசியின் தம்பி எழிலன், காட்டுமன்னார்கோயிலை விட்டு வந்து சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜூஸ் கடை போட்டான். வேறு பிழைப்பு எதுவும் கையில் இல்லை. அவன் குடும்பம் முழுவதும் அந்த மிக்சியை நம்பி இருந்தது. கடை திறப்புக்கு அக்காள் வீட்டுக்காரர் வரிசை வைக்கவேண்டும். ஊரில் மற்றவர்கள் குத்துவிளக்கு வைப்பார்கள், சுவர்க் கடிகாரம் வைப்பார்கள். உத்திராபதி போர்டு வைத்தார். நாலு மூலையிலும் மஞ்சள் குங்குமம், மேலே மாலை, உள்ளே பச்சை நிறத்தில் எரியும் ஆங்கில எழுத்துகள்: 'நோ லெமன், நோ மெலன்'.

ஆங்கிலத்தில் எழுதிக் கடைசி எழுத்திலிருந்து படித்துக்கொண்டு வாருங்கள், அதே வாக்கியம்தான் வரும். திறப்புக்கு வந்தவர்களிடம் உத்திராபதி விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுக் காட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். கேசரி அதற்குப் பிறகுதான் தருவதாக இருந்தது.

சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. வருகிறவர்கள் எலுமிச்சையும் தர்ப்பூசணியும்தான் கேட்பார்கள். ஆனால் கேட்பதற்கு முன் போர்டைப் படித்தார்கள். கல்லூரிப் பிள்ளைகள் கூட்டமாக வந்து நின்று, ரெண்டும் இல்லாமல் எதற்குக் கடை என்று சொல்லி எதிர்ச்சாரிக்குப் போனார்கள். குமராட்சி மினிபஸ்ஸுக்குக் காத்திருந்த ஒருவர், குவிந்துகிடந்த தர்ப்பூசணியைக் காட்டி, இது யாருடைய சரக்கு, எப்போது வந்து எடுத்துப்போவார்கள் என்று மிகுந்த அக்கறையோடு விசாரித்தார்.

உத்திராபதி தினமும் போன் போட்டு வியாபாரம் கேட்பார். எழிலன் தினமும் "ஓடுது மாமா" என்பான். அவனால் வேறென்ன சொல்லமுடியும்? மாப்பிள்ளை மஞ்சள் குங்குமம் வைத்துக் கொடுத்த வரிசையைக் கழற்றி வைப்பதும், மாப்பிள்ளையை வாசலோடு திருப்பி அனுப்புவதும் அவர்கள் வீட்டில் ஒன்றுதான்.

கடைசியில் இளவரசிதான் உடைத்தாள்.

"அவன் கடைய எடுத்துடலாமான்னு இருக்கான். உங்க போர்டத் தொட அவனுக்குக் கை வரல. நீங்களே கழட்டச் சொல்லுங்க."

"ஜனங்களுக்குப் படிக்கத் தெரியல இளவரசி. பின்னாலேர்ந்து படிச்சுப் பாக்கணும்."

"பின்னாலேர்ந்து படிச்சாலும் லெமன் இல்லன்னுதான வருது?"

உத்திராபதி எழுந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு தெருக்கோடிவரை போனார், வந்தார், மறுபடி போனார். இத்தனை வருஷ ஆராய்ச்சியில் இந்தக் கோணம் அவருக்குத் தோன்றவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் சிதம்பரம் போனார்கள். கழற்றச் சொல்லிவிடுவது என்று ஆலப்பாக்கத்தில் முடிவு செய்தார், பு.முட்லூரில் மாற்றிக்கொண்டார், பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது இரண்டு முடிவும் கையில் இருந்தன.

கடையில் கூட்டம் நின்றது. போர்டு அதே இடத்தில் இருந்தது. ஆனால் அதன்மேல் இரண்டு திருஷ்டிப் பூசணிக்காய்கள் தொங்கின. கோரைப்பல்லும் மீசையும் வரைந்த பெரிய காய்கள். ஒன்று முதல் 'நோ'வுக்கு முன்னால், மற்றது இரண்டாவது 'நோ'வுக்கு முன்னால்.

"ஊரு கண்ணே நம்ம போர்டு மேலதான் மாமா," என்றான் எழிலன், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். "அதான் கட்டிட்டேன். போர்டத் தொடல."

திருஷ்டிக்குக் கட்டியதை எந்த மாப்பிள்ளையும் குறை சொல்லமுடியாது. உத்திராபதி ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தார். 'லெமன், மெலன்' என்று இருந்தது. பின்னாலிருந்து படித்தார். வெறும் குப்பை. மறுபடி படித்தார். பல்லில் மாட்டிய நார்போல உறுத்தியது. வந்தவர்களோ அதைப் படித்ததும் கையை நீட்டிக் கேட்டார்கள், குடித்தார்கள்.

அப்போது லாரி ஒன்று உரசிக்கொண்டு போன காற்றில் இரண்டாவது பூசணிக்காய் கயிற்றோடு ஒதுங்கியது. மறைந்திருந்த 'நோ' பளிச்சென்று எரிந்தது. இன்னும் ஒன்றை எடுத்துவிட்டால் வாக்கியம் முழுசு. வெளியில் நின்ற இருவர் அண்ணாந்து பார்த்து, மெலன் தீர்ந்துவிட்டதாக்கும் என்று நகரத் தொடங்கினார்கள்.

உத்திராபதி ஒரே ஓட்டமாக ரோட்டைக் கடந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். எழிலன் மிக்சியை நிறுத்தினான்.

"ஏங்க, வேணாம்," என்றாள் இளவரசி.

அவர் பூசணிக்காயை இரண்டு கையாலும் பிடித்தார். கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தார். பிறகு இழுத்து 'நோ'வின்மேல் சரியாக உட்கார வைத்து, கயிற்றை இரட்டை முடிச்சுப் போட்டு இறுக்கினார்.

"லூசா கட்டியிருக்க மச்சான்."

நகர்ந்துபோன இருவரில் ஒருவர் திரும்பி வந்து, கடை ஆள் என்று நினைத்து அவர் முழங்காலைத் தட்டினார். ஸ்டூலில் நின்றபடியே உத்திராபதி உள்ளே பார்த்துச் சொன்னார்:

"ரெண்டு மெலன்."