வீட்டுக்கு வந்த திருவிருந்து

எங்கள் சபைப் போதகர் மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் மலைக்கு மேலே வருவார். நாங்கள் அவரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். ஆராதனை முடிந்ததும் வீட்டுக்கே வந்து என் கணவருக்கு அப்பமும் திராட்சை ரசமுமாகத் திருவிருந்து தருவதாகச் சொல்லியிருந்தார். மகளை நினைத்து நான் அவரிடம் போனில் தனியாக இன்னொன்றும் கேட்டிருந்தேன்.

"மூணு அப்பமா எடுத்துட்டு வாங்க ஐயா. பாப்பாவுக்கும் சேர்த்து."

கணவருக்குப் பக்கவாதம் வந்தது போன மழைக்காலத்தில். ஜமுனாமரத்தூரில் பைக் ரிப்பேர் கடை வைத்திருந்தார். ஞாயிறானால் சபைக் கோயிலைத் திறப்பதும் பெருக்கிப் பாய் விரிப்பதும் அவர்தான். யாரும் சொல்லிச் செய்ததில்லை. இப்போது வலது கையும் காலும் வரவில்லை, பேச்சு பாதிதான். விழுங்குவதும் கஷ்டம். தண்ணீர் மாதிரி நீர்த்தது எதுவும் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும், கூழ் பதத்தில்தான் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நான் பள்ளிக்கூடம் போய்விடுகிறேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகள் கல்லூரியைத் தள்ளிப் போட்டுவிட்டு அவரைப் பார்த்துக்கொள்கிறாள். பாடம் நடத்தும்போது கைபேசி அதிர்ந்தால் இன்றைக்கும் பாதி வரியில் விட்டுவிட்டு எடுத்துப் பார்க்கிறேன்.

அன்று ஆம்புலன்ஸில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு மலை இறங்கியவள் அவள்தான். நான் முன்னால் டிரைவர் பக்கத்தில் இருந்தேன். அவள் ஜெபிக்கிற சத்தம் அடிவாரம் வரைக்கும் கேட்டது. அதற்குப் பிறகு அவள் கோயிலுக்கு வரவில்லை. ஒருமுறை வற்புறுத்திக் கூப்பிட்டபோது, "ஒவ்வொரு வளைவுலயும் கேட்டேன்மா. கேட்டுட்டுதான இருந்தாரு ஆண்டவரு? இன்னா பண்ணாரு?" என்றாள். எனக்கு விசுவாசம் என் அப்பா அம்மா கையிலிருந்து சோறு மாதிரி வந்தது. அது எப்படி வந்தது என்று யோசித்துப் பார்த்ததேயில்லை. என்னோடு அது நின்றுவிடுமோ என்கிற பயம், அவர் உடம்பைப் பற்றிய பயத்தோடு சேர்ந்து என் தூக்கத்தைத் தின்றது.

ஞாயிறு காலையில் வீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா வாசலில் வந்து நின்றார். சாமை விதைக்கிற குடும்பம், நாள் தவறாமல் வந்து என் கணவரை விசாரித்துவிட்டுப் போவார்.

"இன்னா டீச்சர், வூடு பளபளன்னு கீது. விசேஷமா?"

"ஐயர் வர்றாருக்கா. இவருக்கு விருந்து குடுக்க."

"விருந்தா? கறியா?"

உள்ளேயிருந்து மகள் சொன்னாள்: "காக்காவுக்கு வெக்கிற அளவு கூட இருக்காதுக்கா."

அக்கா சிரித்தார். கட்டிலில் சாய்ந்திருந்த இவரும் ஒரு பக்க வாயால் சிரித்தார். எனக்குத்தான் சிரிக்கத் தெம்பில்லை.

ஐயர் வந்தார். மேசையில் வெள்ளைத் துணி விரித்து, தட்டில் அப்பங்களை வைத்தார். தாள் போல மெல்லிய, வட்டமான அப்பங்கள். மகள் தட்டைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"மூணாவது யாருக்கு?"

"உனக்குத்தாம்மா, வேணும்னா," என்றார் ஐயர்.

"எனக்கு வேணாங்க ஐயா."

"சரிம்மா."

அவ்வளவுதான். அவர் வற்புறுத்தவில்லை. அவள் சமையலறைக்குள் போய்விட்டாள். நான் ஒரு வாரமாக எதிர்பார்த்துக் காத்திருந்தது மூன்று வார்த்தையில் முடிந்துபோனது.

ஜெபம் முடிந்து ஐயர் அப்பத்தைத் திராட்சை ரசத்தில் லேசாகத் தொட்டு எடுத்தார். கணவர் தலையை ஆட்டி மறுத்து, இடது கையால் கிண்ணத்தைக் காட்டினார். எப்போதும் போலக் குடிக்க வேண்டுமாம். "ஒரு சொட்டு போதும்ணே," என்று ஐயர் அப்பத்தை இவர் வாயில் வைத்துக் கிண்ணத்தை உதட்டில் சாய்த்தார். அப்பம் மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ரசம் வழி மாறிப் போனது. இவர் இரும ஆரம்பித்தார். முகம் கறுத்தது. நான் அவர் பெயரைச் சொல்லிக் கத்தினேன் என்று நினைக்கிறேன்.

மகள் ஓடி வந்தாள். அவரை முன்னால் சாய்த்துப் பிடித்து, வாய்க்குள் விரலை விட்டு அப்பத்தை வழித்து எடுத்தாள். முதுகில் கையை வைத்துக்கொண்டு, "இருமுப்பா, நல்லா இருமு," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மூச்சு சீரானது. அவர் கண்ணில் தண்ணீர். இருமியதால் மட்டும் வந்ததில்லை.

அவள் உள்ளங்கையில் அந்த அப்பம் எச்சிலில் ஊறிக் கிடந்தது. அதை எங்கே போடுவது என்று சுற்றும் பார்த்தாள். ஐயர் கையை நீட்டி அதை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார். மகள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு அவளே, "இன்னொண்ணு குடுங்க ஐயா," என்றாள். ஒரு சின்னக் கிண்ணத்தில் அப்பத்தை நொறுக்கி, சொட்டுச் சொட்டாக ரசம் விட்டு, ஸ்பூனின் பின்புறத்தால் மசித்தாள்.

"நீயே குடும்மா. நான் வசனத்த சொல்றேன்," என்றார் ஐயர்.

"தாடைய இறக்குப்பா. இன்னும் கொஞ்சம். ம். முழுங்கு."

அவர் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் அடுத்த ஸ்பூனைக் கொடுத்தாள். அதற்கு ஏற்றபடி ஐயரும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். எனக்கும் கொடுத்துவிட்டு, கிண்ணத்தில் மீதி இருந்த ரசத்தை அவரே குடித்து முடித்து, பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

மத்தியானம் பாத்திரம் கழுவும்போது மகள் கேட்டாள்.

"ஐயரு ஏம்மா அத சாப்ட்டாரு?"

"ஜெபம் பண்ண அப்பம்டி, கீழ போடக் கூடாது."

"அப்பா எச்சிம்மா அது."

"ஆமா."

ஒரே பாத்திரத்தைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தாள். விளக்கிச் சொல்லலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. பள்ளியில் நாள் முழுக்க விளக்குகிறவள் நான். அன்றைக்கு முடியவில்லை. சொன்னால் கெட்டுவிடும் என்றும் தோன்றியது.

"அடுத்த மாசம் அந்த அப்பம் எடுத்தார வேணாம்னு சொல்லிடு," என்றாள். "மேல ஒட்டிக்குது. பிரெட் வாங்கிட்டு வா. நான் ஓரம் வெட்டி வெக்கிறேன்."

"ஐயர் கிட்ட கேக்கணும்."

"கேளு."

அவளுக்கும் ஒரு துண்டு சேர்த்து வெட்டுவாளா என்று நான் கேட்கவில்லை. ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, போனை எடுத்து ஐயரை அழைத்தேன்.