உர்சுல் கடைக்கு வந்த ஈ

ராஜா ஆளும் பிரான்சில், எங்கள் கிராமத்திலிருந்து சட்டம் படிக்கப் பாரிசுக்கு வந்த முதல் ஆள் நான். வந்த புதிதில், குளிருக்கு ஒதுங்கி உர்சுல் பிரெஷாரின் காப்பிக்கடைக்குள் நுழைந்தேன். கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்ததுமே அவள் முகத்தைச் சுளித்தாள்.

"படிக்கிற பிள்ளையா? அப்போ நீயும் ஒரு காப்பியை வச்சுக்கிட்டு ராத்திரி வரைக்கும் ராஜ்யம் பண்ணுவே."

அவள் அலுப்பில் நியாயம் இருந்தது. கணவன் போனபின் அந்தக் கடைதான் அவளுக்குச் சோறு. கணப்பு அடுப்பை ஒட்டிய மேசையையோ, ஆளுக்கு ஒரே காப்பியோடு மூன்று பேர் குத்தகைக்கு எடுத்த மாதிரி பிடித்திருந்தார்கள். நன்றாகப் படித்த ஒரு ராஜா இருந்தால் போதும், மற்றவர்கள் வேலையைப் பார்க்கலாம் என்பார் வாத்தியார் ஃபோவெல். கோர்ட்டு குமாஸ்தா மசூரியே அதற்கு ஒப்பமாட்டார். சட்டம் போடுகிறவன், நடத்துகிறவன், தீர்ப்புச் சொல்கிறவன் என்று அதிகாரத்தை மூன்றாக வெட்ட வேண்டும் என்பார். ஜெனீவாவிலிருந்து வந்த கடிகாரக்காரர் பெர்னூவுக்கு இரண்டுமே ஆகாது. ஊர் மொத்தமும் கூடித் தானே சட்டம் போட்டுக்கொண்டால்தான் மனிதன் மனிதன் என்று மேசையைக் குத்துவார். குத்துகிற குத்தில் உர்சுலின் கோப்பைகள் ஆடும்.

கோப்பை போனால் வேறு வாங்கலாம். அடுத்த தெருக் காப்பிக்கடையை, ராஜாவைப் பற்றி யாரோ பேசினார்கள் என்று போலீஸ் சீல் வைத்துப் பத்து நாள்கூட ஆகவில்லை. அதை உர்சுல் எத்தனை தடவை சொன்னாலும் மூவர் காதிலும் ஏறவில்லை.

அந்த வாரமே பொலார் என்றொருவர் வந்து மூலையில் உட்கார்ந்தார். காப்பி ஆறி ஆடை கட்டியது. அவர் கண் பேசுகிறவர்கள் வாயை விட்டு நகரவில்லை. உர்சுலுக்குப் புரிந்துவிட்டது. ஒட்டுக்கேட்கும் போலீஸ் ஆளுக்குப் பாரிசில் 'ஈ' என்று பெயர். கோப்பையை வைக்கிற சாக்கில் குனிந்து, "ஈ வந்திருக்கு," என்றாள்.

வாத்தியாரும் குமாஸ்தாவும் கப்பென்று வாயை மூடினார்கள். வெளியூர்க்காரரான பெர்னூ கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார்.

"எங்கம்மா? ஒண்ணும் காணோமே. இருந்தா வேற காப்பி குடுங்க."

உர்சுல் தலையில் அடித்துக்கொண்டாள். பெர்னூ விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் மற்ற இருவருக்கும் நாக்கு அரித்தது. குமாஸ்தா மறுபடி அதிகாரத்தை மூன்றாக வெட்டிக்கொண்டிருந்தபோது மூலையில் நாற்காலி கிறீச்சிட்டது. பொலார் எழுந்து நின்றிருந்தார், முகம் சிவந்திருந்தது.

"மூணா வெட்டுவீங்க, சரி. மூணு பேரும் கூட்டு சேர்ந்துக்கிட்டா யாருய்யா கேக்கறது? எங்க ஆபீஸ்ல தினம் அதானே நடக்குது."

எந்த ஆபீஸ் என்று யாரும் கேட்கவில்லை. பொலாரே சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். உர்சுல் அவருடைய ஆறிய காப்பியை எடுத்துக்கொண்டு, சூடாக ஒன்றை வைத்தாள்.

"நாளைக்கு உங்க ஆபீஸ்ல எழுதிக் குடுக்கும்போது இதையும் எழுதுங்க. சொன்னது யாருன்னும் மறக்காம எழுதுங்க, ஐயா."

கடைக்குச் சீல் வரவில்லை. மறுநாள் பொலார்தான் வந்தார். நேற்று விட்ட கேள்விக்குப் பதில் வேண்டும் என்றார்.

உர்சுல் இப்போதும் அதே கடையை நடத்துகிறாள். அந்த வேலையை விட்டுவிட்ட பொலார், கணப்போரம் நான்காவது நாற்காலியில் உட்கார்கிறார். அவருக்கும் ஒரே காப்பிதான்.