பொன்னி கண்டெடுத்த இடது மூலை

பொன்னிக்கு முப்பத்திரண்டு வயது. படூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் நான்காவது மாடியில் உட்கார்ந்து நாள் முழுக்கக் கபடி பார்ப்பதுதான் அவளுக்கு வேலை. ஆண்கள் கபடி லீக்கில் ஆடும் ஓர் அணி அதற்குச் சம்பளம் கொடுத்தது. ஊர்ப் போட்டிகளை யாராவது செல்போனில் எடுத்து யூடியூபில் போடுவார்கள். அவற்றை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, அணிக்கு யார் தேறுவார்கள் என்று எழுதி அனுப்புவாள். அவளே செய்யூர்ப் பக்கத்துக்காரி. மாநில அணிக்கு நான்கு வருடம் ஆடியவள். லீக் வந்தபோது ஆண்களுக்கு மட்டும் வந்தது. அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை.

மதுராந்தகத்துப் போட்டி ஒன்றின் வீடியோவில், இடது மூலையில் நின்ற ஒருவன் கண்ணில் பட்டான். எதிரணியிலிருந்து பாடி வரும் ரைடர் காலை நீட்டும் வரை அசையவே மாட்டான். நீட்டினால் கணுக்கால் அவன் கையில் இருக்கும். பெயர் ஜெகதீசன், தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டியில் போய் நேரிலும் பார்த்தாள். ஆட்டம் முடிந்ததும் கேட்டாள்.

"வெயிட் எவ்ளோ?"

"எண்பத்தொம்போது. இன்னாத்துக்குக்கா?"

"லீக்ல எண்பத்தஞ்சுக்கு மேல எடுக்க மாட்டாங்க. ரெண்டு மாசத்துல செலக்‌ஷன் கீது. கொறச்சிகினு வா."

"இப்டிதான் போன வருசம் ஒருத்தன் வந்து அட்வான்ஸ் கேட்டான்."

"எனக்கு ஒண்ணும் வேணாம். எடைய மட்டும் கொற."

செலக்‌ஷனுக்கு எண்பத்து நாலரையில் வந்து நின்றான். பயிற்சி முகாமில் ஒரு மாதம் இருந்தான். லீக் அணிகள் ஆட்டக்காரர்களை விலைக்குக் கேட்கும் ஏலப் பட்டியலில் பெயர் ஏறியது. ஆனால் பொன்னியின் அணி கோச் ஜெபகுமாருக்கு மனசில்லை. "புதுப் பசங்கள நம்பி மூலைய ஒப்படைக்க முடியாதும்மா" என்றார். ஏலத்தில் பெயரைப் படித்தார்கள். பன்னிரண்டு அணிகளின் மேசைகளில் ஒன்றிலும் கை உயரவில்லை. அடுத்த பெயருக்குப் போய்விட்டார்கள்.

உடனே ஜெகதீசன் போன் செய்தான். "எம்பேர தப்பாப் படிச்சிட்டாங்களாக்கா?"

"இல்ல. சரியாத்தான் படிச்சாங்க. யாரும் கேக்கல."

 

சீசனின் ஐந்தாவது வாரம், அணியின் இடது மூலை ஆட்டக்காரருக்கு முழங்கால் தசைநார் கிழிந்தது. ஏலத்தில் விலைபோகாதவர்களிலிருந்து மாற்று ஆள் எடுக்கலாம் என்பது விதி. ஜெபகுமார் கூப்பிட்டார்.

"மூணு பேர் சொல்லும்மா."

"ஒருத்தன்தான் சார். ஜெகதீசன்."

"எடை ஏத்திகினு இருப்பான்."

பொன்னி விசாரித்தாள். எண்பத்து மூன்று. அவன் ஓடுவதை நிறுத்தவே இல்லை.

முதல் ஆட்டத்தில் முந்திப் பாய்ந்து இரண்டு புள்ளி கொடுத்தான். பாதியில் வெளியே உட்கார வைத்தார்கள். மூன்றாவது ஆட்டத்தில் லீக்கின் பெரிய ரைடரை இரண்டு முறை கணுக்காலில் பிடித்துப்போட்டான். அதற்குப் பிறகு அவனை யாரும் வெளியே உட்கார வைக்கவில்லை. மாற்று ஆளின் ஒப்பந்தம் அந்த சீசனோடு சரி. அடுத்த ஏலத்தில் நான்கு மேசைகள் அவனுக்குக் கை தூக்கின. ஜெபகுமார் விலை ஏற ஏறக் கடைசி வரை பார்த்துவிட்டுக் கையை இறக்கினார். வடக்கே ஓர் அணி அவனை எடுத்துக்கொண்டது.

அந்த அணியோடு ஆட்டம் வந்தபோது, ஜெகதீசனை எப்படித் தாண்டுவது என்று எழுதித் தரச் சொன்னார்கள். ஒரு பிடி நழுவினால் அடுத்த பிடிக்கு அவசரப்படுவான், ரைடர் முதலில் காலை நீட்டி ஏமாற்றிவிட்டு உடனே மறுபடி அவன் பக்கம் வரவேண்டும் என்று பொன்னி எழுதினாள். அன்று நான்கு முறை ஏமாந்தான்.

ஆட்டம் முடிந்து வராந்தாவில் எதிரே வந்தான்.

"எழுதிக் குடுத்தது நீதானாக்கா?"

"ஆமா."

"அந்தத் தப்ப என்னாண்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

"நீ இப்ப வேற டீமுடா."

அவன் தலையாட்டினான். பஸ் நிற்கிறது என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த வருடம் இரண்டு அணிகளுமே அரையிறுதியைத் தாண்டவில்லை. பொன்னியை அடுத்த ஏலத்துக்கு மேசையிலேயே, ஜெபகுமாருக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்கள்.